புறப்பட மறுக்கும் யந்திரம்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மின்னசோட்டா மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டிக் கிடக்கும் ரோசோ என்ற சிற்றூரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும், ஜனவரி மாதத்து இரவுகளில் உஷ்ணமானி −20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கிவிடுவது எவரும் நின்று பேசத் தகுந்த செய்தி அல்ல. ஏரிகள் கல்லாய் உறைந்துபோய், மேலே லாரியே ஓட்டிச் செல்லலாம் என்ற நிலைக்கு வந்துவிடும் அந்தப் பருவத்தில், பனிக்கட்டியைத் துளைத்து மீன் பிடிக்கப் போகிறவர்களும், பண்ணைக்குள் விறகும் வைக்கோலும் இழுக்கிறவர்களும், காட்டுக்குள் வேட்டைக்குச் செல்கிறவர்களும் நம்பியிருப்பது ஏ.டி.வி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு வாகனத்தை. பருத்து மெத்தென்றிருக்கும் நான்கு டயர்கள், மோட்டார் சைக்கிளைப் போன்ற கைப்பிடி, குதிரைமேல் அமர்வதுபோல் காலை அகட்டி அமரும் ஆசனம், நடுவில் பெரும்பாலும் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின்: இவ்வளவுதான் அதன் ஸ்வரூபம். சேறு, மணல், பனி, பாறை என்று எந்தத் தரையிலும் போகும் என்ற உறுதிமொழியுடன் விற்கப்படும் அந்த வண்டி, விடியற்காலையில் கொட்டகையை விட்டே கிளம்ப மறுப்பது அங்கே நித்தியப்படி நடக்கிற சங்கதி.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், இந்த வாகனம் பிறந்ததே குளிர்காலத்தை உத்தேசித்துத்தான். 1960களின் பிற்பகுதியில், அமெரிக்காவில் ஹோண்டா மோட்டார் சைக்கிள்களை விற்றுவந்த வியாபாரிகள், பனிக்காலம் வந்தால் கடையில் ஈ ஓட்ட வேண்டியிருக்கிறது, அந்தப் பருவத்திலும் விலைபோகக்கூடிய வண்டி ஒன்று வேண்டும் என்று கேட்க, ஒஸாமு தாகேயுச்சி என்ற ஜப்பானியப் பொறியியலாளர் பலவிதமாகப் பரிசோதித்து, காற்றழுத்தம் மிகக் குறைந்த பெரிய பலூன் டயர்கள் மூன்றைப் பூட்டி ஒரு வண்டியை உருவாக்கினார். 1970இல் சந்தைக்கு வந்த அதன் எஞ்சின் 90 சி.சி.க்கும் சற்றுக் குறைவு. சக்தி 7 குதிரை. மறு வருஷமே ஜேம்ஸ் பாண்ட் படம் ஒன்றில் ஷான் கானரி அதன்மேல் ஏறி மணலில் பறந்து காட்டியதால் அதன் கீர்த்தி பரவியது. மூன்று சக்கரம் எளிதில் கவிழும் என்பது பல உயிர்களைப் பலிவாங்கிய பிறகு உணரப்பட்டு, 1988இல் அமெரிக்க அரசுக்கும் உற்பத்தியாளர்களுக்கும் ஏற்பட்ட உடன்பாட்டால் மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை அங்கே நின்றது. நான்கு சக்கர வண்டி நிலைத்தது.

சக்கரங்களின் எண்ணிக்கை மாறியதே ஒழிய, எஞ்சினின் தத்துவம் 1876இல் ஜெர்மனியில் நிக்கோலஸ் ஓட்டோ ஓடவைத்துக் காட்டிய நான்கு வீச்சு (ஃபோர் ஸ்ட்ரோக்) எஞ்சினின் தத்துவமேதான். பிஸ்டன் கீழிறங்கும்போது காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்து உள்ளே வருகின்றன. மேலேறும்போது அந்தக் கலவை நசுக்கப்படுகிறது. உச்சியை அணுகும் தறுவாயில் ஒரு மின்பொறி விழுகிறது. எரிந்து விரியும் வாயு பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. அடுத்த ஏற்றத்தில் புகை வெளியேற்றப்படுகிறது. ஆகவே ஓர் எஞ்சின் உயிர்பெற, சரியான கலவை, போதிய அழுத்தம், உரிய நேரத்தில் வலுவான பொறி ஆகிய மூன்றும், இம்மூன்றும் நிகழும்படி அதை முதலில் சுழற்றிவிட ஒரு வெளிச்சக்தியும் இருந்தால் போதும். எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவார்: “கரன்ட் வருதா, பெட்ரோல் வருதா, கம்ப்ரஷன் இருக்கா?”

அப்படியானால் பழுதைக் கண்டுபிடிப்பது ஏன் இவ்வளவு சிரமமாக இருக்கிறது? பரீட்சித்துப் பார்த்தவர்கள் அனைவரும் பேட்டரி நன்றாக இருக்கிறது, பொறி விழுகிறது, பெட்ரோல் ஒழுகுகிறது என்று சத்தியம் செய்த பிறகும் எஞ்சின் ஏன் வாய் திறப்பதில்லை? என்னுடைய அபிப்பிராயத்தில் இதற்குக் காரணம் ஒன்றே. ஓர் உறுப்பு எந்த நிலையில் வேலை செய்ய வேண்டுமோ அந்த நிலையில் அதைச் சோதிக்காமல், அது சும்மா இருக்கும் நிலையில் சோதித்துவிட்டு, கிடைத்த நற்சான்றை அப்படியே நம்பிவிடுகிறோம். இந்த அத்தியாயம் முழுவதும் நாம் திரும்பத் திரும்பச் சந்திக்கப்போவது இந்த ஒரு ஏமாற்றத்தைத்தான்.

பித்தானை அழுத்தியும் எஞ்சின் சுற்றவே இல்லையென்றால், ஸ்பானரைத் தேடுவதற்கு முன் கைப்பிடியைப் பார்க்க வேண்டும். அங்கே சிவப்பு நிறத்தில் எஞ்சினை நிறுத்தும் ஸ்விட்ச் ஒன்று இருக்கும். நேற்று இறங்கியபோது அதை அணைத்தவர் இன்று மறந்திருப்பார். சில வண்டிகளில் அது அணைந்திருந்தால் எஞ்சின் சுற்றவே சுற்றாது. சிலவற்றில் சுற்றும், பொறி மட்டும் வராது. கியர் நியூட்ரலில் இல்லாவிட்டாலோ, பிரேக்கைப் பிடிக்காவிட்டாலோ எஞ்சினை முதலில் சுழற்றிவிடும் செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரம் போகாதபடி பாதுகாப்பு ஏற்பாடும் உண்டு. நியூட்ரல் விளக்கு எரிகிறதா, ஃப்யூஸ் போயிருக்கிறதா, பெட்ரோல் காக் திறந்திருக்கிறதா என்பவற்றையும் பார்த்துவிட்டால், செலவில்லாமல் தீரும் வியாதிகள் தீர்ந்துவிடும்.

அடுத்தது பேட்டரி. மனிதன் கையால் சுழற்றிக் கொண்டிருந்த எஞ்சினை மின்மோட்டாரால் சுழற்றலாம் என்று 1911இல் சார்லஸ் கெட்டரிங் செய்து காட்டியதிலிருந்து, வண்டியின் காலைநேரப் பிராணன் முழுவதும் இந்தப் பெட்டிக்குள் அடங்கியிருக்கிறது. ஈயம், ஈய டை ஆக்ஸைடு, கந்தக அமிலம் இவற்றின் ரசாயனச் சேர்க்கையால் ஓர் அறை சுமார் 2.1 வோல்ட் தருகிறது. ஆறு அறைகள் சேர்ந்து 12.6 வோல்ட். மீட்டரை வைத்துப் பார்க்கிறோம், 12.5 காட்டுகிறது; ‘பேட்டரி நல்லது’ என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். ஆனால் மீட்டர் பேட்டரியிடமிருந்து வாங்கும் மின்னோட்டம் அற்பத்திலும் அற்பம். செல்ஃப் மோட்டாரோ பல பத்து ஆம்பியர்களைப் பிடுங்குகிறது. மாதக்கணக்கில் கவனிப்பாரற்றுக் கிடந்த பேட்டரியின் தகடுகளில் ஈய சல்ஃபேட் கெட்டிப்பட்டுவிட்டால், உட்தடை அதிகமாகி, ஓய்விலே மிடுக்குடன் நின்ற வோல்டேஜ், பித்தானைத் தொட்டவுடன் எட்டுக்கும் ஏழுக்கும் சரிந்துவிடும். ஆகவே மீட்டரைப் பேட்டரி முனைகளில் வைத்தபடியே பித்தானை அழுத்தச் சொல்லிப் பார்ப்பதுதான் சோதனை. எஞ்சின் சுழன்றுகொண்டிருக்கும்போதும் சுமார் பத்து வோல்ட் நிற்குமானால் பேட்டரியை விட்டுவிடலாம். பித்தானை அழுத்தும்போது ‘டக்’ என்று ஒரே சத்தத்துடன் ரிலே அடங்கிவிட்டாலும், ‘டகடக’வென்று துடித்தாலும், பெரும்பாலும் குற்றவாளி பேட்டரியோ, வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப்போன அதன் முனை இணைப்போதான்.

குளிர் இந்தத் துன்பத்தை இரு பக்கத்திலிருந்தும் பெருக்குகிறது. −18 டிகிரியில் பேட்டரி தரக்கூடிய சக்தி ஏறக்குறையப் பாதியாகிவிடும் அதே நேரத்தில், எஞ்சின் ஆயில் தேன்போல் இறுகி, சுழற்றத் தேவையான சக்தியை அதிகமாகக் கேட்கிறது. இன்னொரு விஷயம் நம் நாட்டுச் சமவெளிவாசிகளுக்குப் புதிதாக இருக்கலாம்: முழுதும் சார்ஜ் ஏறிய பேட்டரியின் அமிலம் −50 டிகிரியிலும் உறையாது, ஆனால் சார்ஜ் இறங்க இறங்க அமிலம் நீர்த்துப்போவதால், காலியான பேட்டரி −10 டிகிரி சுற்றுவட்டத்திலேயே உறைந்து பெட்டி வெடித்துவிடக்கூடும். மின்னசோட்டாக்காரர்கள் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் வைப்பதில் சோம்பேறித்தனம் காட்டுவதில்லை.

எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, பற்றிக்கொள்ளவில்லை என்றால் விஷயம் சுவாரசியமாகிறது. இப்போது செய்ய வேண்டிய சோதனைகளில் மிகச் சிறந்தது ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றிப் பார்ப்பது. சில விநாடிகள் சுற்றவிட்டபின் கழற்றிய ப்ளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானும் அதன் நடுவிலிருந்து எட்டிப்பார்க்கும் மெல்லிய கம்பியும், மேலே வளைந்து நிற்கும் கொக்கியும் பளபளவென்று நனைந்து, பெட்ரோல் நெடி மூக்கில் ஏறினால், எரிபொருள் வந்து சேர்ந்திருக்கிறது, பற்றவைக்கத்தான் ஆளில்லை என்று பொருள். அல்லது கலவை அளவுக்கு மீறிச் செறிந்து, எரியத் தேவையான காற்று இல்லாமல் மூச்சுமுட்டுகிறது. உலர்ந்து, வாசனையே இல்லாமல் இருந்தால், பெட்ரோல் வழியிலேயே எங்கோ தடைப்பட்டிருக்கிறது. ஒரு நிமிஷத்துச் சோதனை சந்தேகத்தை இரண்டாகப் பிளந்து பாதியை விலக்கிவிடுகிறது. நனைந்திருந்தால் ப்ளக்கைத் துடைத்து உலர்த்தி மாட்டி, சோக்கை விடுவித்து, ஆக்சிலரேட்டரை முழுக்கத் திறந்துவைத்துச் சற்றுச் சுற்றவிட்டால், காற்று புகுந்து மிகுதிப் பெட்ரோலை வாரிக்கொண்டு போய்விடும். ‘ஓவர்ஃப்ளோ’ என்று ஒர்க்‌ஷாப்புகளில் சொல்லப்படும் நோய்க்கு இதுவே மருந்து.

இனிப் பொறியைச் சோதிப்போம். ப்ளக்கை அதன் தொப்பியில் மாட்டி, உலோக உடலை எஞ்சினோடு தொடவைத்துச் சுற்றிப் பார்ப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். ப்ளக் கழற்றிய துவாரத்திலிருந்து பெட்ரோல் ஆவி பீறிட்டுக்கொண்டிருக்கும் என்பதால், பொறியை அந்த வாயருகே பிடிக்காமல் தள்ளிப் பிடிப்பதும், தொப்பியை வெறுங்கையால் தொடாமல் இருப்பதும் அவசியம். நீலப்பொறி ஒன்று ‘சடக்’ என்று தாவுகிறது; ‘கரன்ட் நல்லா வருது’ என்று அனைவரும் திருப்தி அடைகிறார்கள். இங்கேதான் ஃப்ரீட்ரிக் பாஷன் என்ற ஜெர்மானிய பௌதிக அறிஞர் 1889இல் கண்டறிந்த விதி குறுக்கே வருகிறது. ஒரு வாயுவில் இரண்டு முனைகளுக்கிடையே மின்பொறி தாவுவதற்குத் தேவையான வோல்டேஜ், இடைவெளியை மட்டும் பொறுத்ததன்று; இடைவெளியையும் வாயுவின் அழுத்தத்தையும் பெருக்கி வரும் தொகையைப் பொறுத்தது. திறந்த காற்றில் 0.8 மி.மீ. இடைவெளியைத் தாண்ட மூவாயிரம், நாலாயிரம் வோல்ட் போதும். அதே இடைவெளி, நசுக்கப்பட்ட கலவைக்குள்ளே இருக்கும்போது, எலெக்ட்ரான்கள் ஓடி வேகம் பிடிப்பதற்குள் அணுக்களின்மேல் மோதி மோதித் தளர்வதால், பதினாயிரம் வோல்ட்டும் அதற்கு மேலும் கேட்கிறது. வெளியே அழகாகத் தாவிய பொறி உள்ளே தாவாமல், விரிசல் விட்ட தொப்பி வழியாகவோ, கரி படிந்த பீங்கானின் மேற்பரப்பு வழியாகவோ சுலபமான பாதையில் நழுவிவிடும். இதை அறிந்தவர்கள் சுமார் 6 மி.மீ. இடைவெளியுள்ள சோதனைக் கருவியைத் தொப்பியில் செருகிப் பார்ப்பார்கள். காற்றில் அவ்வளவு தூரம் தாவும் பொறி, சிலிண்டருக்குள்ளும் தாவும். தாவவில்லையென்றால் முதலில் புது ப்ளக், பிறகு தொப்பி, பிறகு காயில், அதற்கும் பிறகே விலை உயர்ந்த மின்னணுப் பெட்டி. இந்த வரிசையைத் தலைகீழாக்குபவர்கள்தான் உதிரி பாகக் கடைக்காரர்களை வாழவைக்கிறவர்கள்.

எரிபொருளைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகவே பேச வேண்டும். ஏனெனில் மாதக்கணக்கில் நின்ற ஏ.டி.வி. கிளம்ப மறுப்பதற்கு எல்லாவற்றையும்விட அடிக்கடி காரணமாவது இதுவே. பெட்ரோல் என்பது ஒரே பொருளன்று. எளிதில் ஆவியாகும் லேசான ஹைட்ரோகார்பன்களும், சுலபத்தில் ஆவியாகாத கனமானவைகளும் நூற்றுக்கணக்கில் சேர்ந்த கலவை. திரவமாக உள்ள பெட்ரோல் எரிவதில்லை. அதன் ஆவியே எரிகிறது. அதுவும் காற்றில் ஏறக்குறைய 1.4 முதல் 7.6 சதவீதம் வரை ஆவி இருந்தால் மட்டுமே. ஆகவே உறைபனிக் காலையில் எஞ்சினைப் பற்றவைக்கும் பொறுப்பு முழுவதும் அந்த லேசான கூறுகளின் தலையில் விழுகிறது. குளிர்நாடுகளில் சுத்திகரிப்பு ஆலைகள் பனிக்காலத்துப் பெட்ரோலில் பியூட்டேனை அதிகம் சேர்ப்பதும் இதனால்தான். ஆனால் டாங்க்கில் ஆறு மாதம் கிடந்த பெட்ரோலிலிருந்து முதலில் ஓடிப்போகிறவையும் அவையே. மிஞ்சியிருப்பது பெட்ரோலின் நெடி அடிக்கும், தொட்டால் வழுவழுக்கும், எஞ்சினைத் துவக்க மட்டும் உதவாத ஒரு திரவம்.

அது மட்டுமன்று. பெட்ரோலிலுள்ள ஒலிஃபின் என்ற வகைச் சேர்மங்கள் காற்றின் ஆக்ஸிஜனோடு மெல்ல மெல்லக் கூடி, ஒன்றோடொன்று பிணைந்து, பழுப்பு நிறப் பிசினாகிவிடுகின்றன. அந்தப் பிசின் படிவதற்கு மிகவும் விரும்பித் தேர்ந்துகொள்ளும் இடம், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் பைலட் ஜெட். அதைக் கழற்றிக் கையில் எடுத்தால், சுண்டுவிரல் நகத்தின் அளவேயுள்ள பித்தளைத் துண்டு. அதன் நடுவே ஓடும் துவாரத்தின் விட்டம் சுமார் 0.4 மி.மீ. ஜன்னலை நோக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால், ஊசிமுனைபோல் வட்டமாக ஓர் ஒளிப்புள்ளி தெரிய வேண்டும்; தெரியவில்லை அல்லது பிறைபோல் ஒரு பக்கம் மட்டும் தெரிகிறது என்றால், தேடிய திருடன் அகப்பட்டுவிட்டான். இரும்புக் கம்பியால் குத்தினால் துவாரம் அகன்று கலவை என்றைக்குமாகக் கெட்டுவிடும் என்பதால், கிளீனர் திரவத்தில் ஊறவைத்துக் காற்றடிப்பதும், வேண்டுமானால் மின்வயரிலிருந்து உரித்த ஒற்றைச் செப்பிழையை நுழைத்து எடுப்பதும்தான் முறை.

இங்கேயும் அதே ஏமாற்றம் காத்திருக்கிறது. கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தினால் பெட்ரோல் தாராளமாக ஒழுகும். ‘பெட்ரோல் வருகிறது’ என்பது உண்மையே. ஆனால் அது கிண்ணம்வரை வருகிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. கிண்ணத்திலிருந்து அந்த நுண்துளை வழியாக மேலேறிக் காற்றோடு கலக்கிறதா என்பதைப் பற்றி அந்த ஒழுக்கு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. காற்றுப் பாதையில் சில துளிப் புதுப் பெட்ரோலை விட்டு, பாதையை மூடிச் சுற்றும்போது எஞ்சின் இரண்டு முறை இருமி அடங்குமானால், பொறியும் அழுத்தமும் உள்ளன, கார்புரேட்டர்தான் பட்டினி போடுகிறது என்று நிச்சயித்துக்கொள்ளலாம்.

மின்னசோட்டா இன்னொரு விதத்திலும் நமக்குப் பாடசாலை. சோள விவசாயிகளின் மாநிலமான அது, பெட்ரோலில் எத்தனால் கலப்பதைச் சட்டபூர்வமாகக் கட்டாயமாக்கியதில் அமெரிக்காவில் முன்னோடி. அதே சட்டம், பழைய வண்டிகள், படகுகள், பனிவண்டிகள், ஏ.டி.வி.க்கள் போன்றவற்றுக்கு மட்டும் எத்தனால் கலவாத பெட்ரோலை விற்க அனுமதித்திருக்கிறது. காரணம், எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஓரளவுக்கு மேல் நீர் சேர்ந்ததும், குறிப்பாகக் குளிர் ஏறும்போது, நீரும் எத்தனாலும் கைகோத்துக்கொண்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்து டாங்க்கின் அடியில் தங்கிவிடும். எஞ்சின் பெட்ரோலை உறிஞ்சும் குழாயும் அடியில்தானே இருக்கிறது! இந்தியாவிலும் பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் வந்துவிட்டபடியால், பல மாதம் ஸ்கூட்டரை மூடிவைத்துவிட்டு வெளியூர் போகிறவர்களுக்கு இது வேற்று நாட்டுக் கதையன்று.

காற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஃபில்டர் அடைந்திருக்கலாம், இலையுதிர்காலத்தில் குளிருக்கு அஞ்சிய எலி ஒன்று ஃபில்டர் பெட்டிக்குள் புகுந்து, ஆசனத்துப் பஞ்சையும் காய்ந்த புல்லையும் கொண்டுவந்து மாளிகை கட்டிக் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கலாம். பெட்டியைத் திறந்து பார்ப்பதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. இருந்தும் கார்புரேட்டர் முழுவதையும் கழற்றிப் போட்ட பிறகே பெரும்பாலோர் இதைத் திறக்கிறார்கள்.

கடைசியாக அழுத்தம். கலவையை ஒன்பதில் ஒரு பங்காக நசுக்கும்போது அதன் அழுத்தம் மட்டுமல்ல, உஷ்ணமும் ஏறுகிறது. வெப்பம் எங்கும் கசியாது என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், 27 டிகிரியில் உள்ளே வந்த கலவை சுமார் 370 டிகிரிக்கும், −23 டிகிரியில் வந்தது சுமார் 265 டிகிரிக்கும் ஏறும். ஆவியாகாமல் துளித்துளியாக வந்த பெட்ரோலை ஆவியாக்குவதில் இந்த உஷ்ணத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பேட்டரி தளர்ந்து எஞ்சின் மெதுவாகச் சுற்றினால், நசுக்கப்பட்ட கலவை தன் வெப்பத்தைக் குளிர்ந்த சுவருக்குக் கொடுத்துவிட்டும், பிஸ்டன் ரிங்குகளின் இடுக்கு வழியே கசிந்தும் வலுவிழக்கிறது. ஒரே நோய் மூன்று உறுப்புகளில் தலைகாட்டும் விந்தை இதுதான்: தளர்ந்த பேட்டரி சுழற்சியைக் குறைக்கிறது, பொறியைக் குறைக்கிறது, அழுத்தத்தையும் குறைக்கிறது.

ப்ளக் துவாரத்தில் பெருவிரலை அழுத்திவைத்து, விரலைத் தள்ளுகிறதா என்று பார்ப்பது கிராமத்துச் சோதனை; அது முழுச் சாவை மட்டும் காட்டும், நலிவைக் காட்டாது. அழுத்தமானியைத் திருகி அளப்பதே உசிதம். அப்போதும் ஆக்சிலரேட்டரை முழுக்கத் திறந்து வைக்காவிட்டால், உள்ளே போதிய காற்றே போகாமல், நல்ல எஞ்சினையும் நோயாளியாகக் காட்டிவிடும். துவக்கத்தைச் சுலபமாக்க வால்வைச் சற்றே தூக்கிப் பிடிக்கும் ஏற்பாடு சில எஞ்சின்களில் இருப்பதால், அவற்றில் மானி இயல்பாகவே குறைத்துக் காட்டும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அளவு உண்மையிலேயே குறைவாக இருந்தால், ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயிலைத் துவாரத்தில் விட்டு மறுபடி அளக்கிறார்கள். அளவு கணிசமாக உயர்ந்தால், ரிங்குகளின் தேய்மானத்தை ஆயில் தற்காலிகமாக அடைத்திருக்கிறது. உயரவில்லையென்றால் கசிவு வால்வில். அதற்காக உடனே எஞ்சினைப் பிளக்க வேண்டியதில்லை. வால்வு தன் ஆசனத்தில் தேய்ந்து உள்வாங்கும்போது, சுமார் 0.1 மி.மீ. இருக்க வேண்டிய டேப்பெட் இடைவெளி மறைந்துபோய், வால்வு முழுக்க மூடாமல் மயிரிழை திறந்தே நிற்கும். ஃபீலர் கேஜை நுழைத்து அந்த இடைவெளியைத் திரும்ப வைத்தால், மரித்ததென்று நினைத்த எஞ்சின் எழுந்துவிடுவதும் உண்டு.

கார்புரேட்டருக்குப் பதிலாக எரிபொருளைப் பீச்சும் ஏற்பாடுள்ள இன்றைய வண்டிகளிலும் தர்க்கம் மாறவில்லை. சாவியைத் திருப்பியதும் டாங்க்குக்குள்ளிருந்து இரண்டு மூன்று விநாடிகள் பம்பின் ரீங்காரம் கேட்க வேண்டும்; கேட்காவிட்டால் ஃப்யூஸ், ரிலே, பம்ப் என்று தேடிச் செல்லலாம். அந்தப் பம்பும் கணினியும் பேட்டரியை நம்பியிருப்பதால், பழைய வண்டிகளைப்போல் கயிற்றை இழுத்துச் சமாளித்துவிடும் வசதி பெரும்பாலும் இல்லாமல் போயிற்று என்பதே பெரிய வித்தியாசம்.

எஞ்சின் பிடித்துக்கொண்டதும் செய்யத் தோன்றுவது, குளிருக்குக் கொட்டகைக் கதவைச் சாத்தியபடியே அதைச் சூடேறவிடுவது. சோக் போட்ட எஞ்சின் காற்றுப் போதாமல் எரிவதால், கார்பன் மோனாக்ஸைடை மற்ற எந்த நேரத்தையும்விட அப்போதுதான் மிகுதியாக உமிழ்கிறது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்குமேல் பலமாகப் பற்றிக்கொள்கிறது. ஆகையால் சோதனைகளெல்லாம் முடிந்து ப்ளக்கை மாட்டியானதும், வண்டியை நியூட்ரலில் போட்டு வெளியே தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தி, அதன் பிறகே பித்தானில் கை வையுங்கள்.